எடை கேட்பவன்

மெத்தை விற்பவன் வாடிக்கையாளரிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரும் பதில் சொல்ல விரும்பாத கேள்வியும் அதுதான்.

"உங்க எடை எவ்வளவு இருக்கும்?"

கேட்காமல் முடியாது. மெலிந்த உடம்புக்காரர் கெட்டியான மெத்தையில் படுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும். கனத்த உடம்புக்காரர் மிருதுவான மெத்தையில் படுத்தால் கொஞ்ச நாளில் நடுவில் பள்ளம் விழும். கணவனும் மனைவியும் வேறு வேறு எடை என்றால் சொல்லவே வேண்டாம். லேசானவர் விடியும்வரை மற்றவர் பக்கமாக உருண்டுகொண்டே இருப்பார், காலையில் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள்.

நாலு மாடி நாற்காலி மேசைக் கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் அவன் இந்த வேலையைச் செய்துவந்தான். கடையில் எல்லாரும் அவனை 'மெத்தை' என்றே கூப்பிட்டார்கள். "மெத்தை, மேல ஆள் வர்றாங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தால் அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பான். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

எடை கேட்பதில் அவன் கைதேர்ந்தவன். இருவரையும் ஒன்றாக நிறுத்தி ஒருநாளும் கேட்கமாட்டான். கணவனைத் தலையணை பார்க்க அனுப்பிவிட்டு மனைவியிடம் மெல்லக் கேட்பான். அவள் அறுபது என்றால் மனசுக்குள் பத்தைக் கூட்டிக்கொண்டு அதற்கேற்ற மெத்தையைக் காட்டுவான். ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்வார்கள்.

ஒருமுறை அவன் வாயைத் திறப்பதற்குள் கணவனே முந்திக்கொண்டான். "இவளுக்கா? லாரி நிறுத்துற எடைமேடைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிச் சிரித்தான். மெத்தையில் படுத்திருந்த அந்தப் பெண் எழுந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், படியிறங்கிப் போய்விட்டாள். கணவன் இன்னும் சிரித்தபடியே, "சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னேன்ப்பா" என்றான். மெத்தைக்காரனுக்கு அன்று மதியம் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவன் ஏன் இப்படி இடிந்துபோனான் என்று கடையில் யாருக்கும் விளங்கவில்லை. கன்ன எலும்பு தெரிகிற ஒல்லி ஆள் அவன். "ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்கப்பா, மெத்தை பறந்துடப் போறான்" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். கேலி ஒல்லி என்ற பக்கமிருந்து வருவதில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஏனென்றால் சில வருடங்களுக்கு முன், நகரத்தின் இன்னொரு மூலையில், அவன் நூற்று இருபத்தெட்டு கிலோ இருந்தான்.

அப்போது அவன் பெயர் 'டிரம்மு'. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், முதல் வேலைக்குப் போன இடத்துக்கும் கூடவே வந்து சேர்ந்தது. காகித மொத்த வியாபாரக் கிடங்கு அது. அங்கே பில் போடும் பெண் ஒருத்தி. சாயங்காலம் இருவரும் ஒரே பஸ். அவன் சொல்லும் கதைகளுக்கு அவள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள், இறங்கவேண்டிய நிறுத்தத்தைக்கூட இரண்டொரு தடவை தவறவிட்டிருக்கிறாள். அவன் துணிந்து மனதைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை.

"நீ ரொம்ப நல்லவன். உன்கூடப் பேசினா நேரம் போறதே தெரியல. ஆனா..."

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. மிச்சத்தை அவனே நூறுவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டான்.

அதன்பிறகு இரண்டு வருடம் அவன் பட்ட பாடு அவனுடைய அக்காவுக்கு மட்டுமே தெரியும். உப்பில்லாமல் வேகவைத்த காய்கறி, அளந்து வெட்டிய ரொட்டி, செருப்பு தேயத் தேய நடை. எடை இறங்க இறங்க ஊரே கைகுலுக்கிப் பாராட்டியது. முன்பு முகம் கொடுத்துப் பேசாதவர்களெல்லாம் தோளில் தட்டினார்கள். கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றியபோதுதான் அவனுக்குச் சப்பென்று போனது. வயிற்றிலும் மார்பிலும் புஜத்துக்கு அடியிலும் தோல் தொங்கியது. பெரிய தலையணைக்குத் தைத்த உறைக்குள் சின்னத் தலையணையைத் திணித்த மாதிரி இருந்தது. குண்டனும் இல்லை, ஒல்லியனும் இல்லை, இது என்ன உடம்பு என்று அவனுக்கே புரியவில்லை. அன்று பழகியதுதான் முழுக்கைச் சட்டை. வேலையை மாற்றினான், வீட்டை மாற்றினான். புது இடத்தில் யாருக்கும் டிரம்மைத் தெரியாது. இனித் தெரியவும் கூடாது என்று முடிவெடுத்தான்.

புதிதாக ஒருத்தி மெத்தை வாங்கக் கடைக்கு வந்தது ஒரு வேலைநாள் முற்பகலில். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மதியம் ஏற்றப் போகும்வரை உள்ள இடைவெளியில், வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். நல்ல பருமன். மாடிக்கு வந்ததும் கைப்பிடியில் சாய்ந்து நின்று, "மெத்தையை மாடியில வச்சவங்க கெட்டிக்காரங்க. ஏறி வந்ததும் எதுல படுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு முதுகுவலி. அதற்காகத்தான் மெத்தை. அவன் வழக்கம்போலத் தயங்கி, "அம்மா என்ன எடை இருப்பாங்க?" என்றான்.

"அம்மா நாப்பத்தஞ்சு. கோழிக்குஞ்சு. ஆனா நானும் பக்கத்துல படுப்பேன், எழுப்பி உட்கார வைக்கணும்ல. என்னையும் சேர்த்துக்கோங்க. எண்பத்தாறு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன, நம்பலையா? போன மாசம் எண்பத்தேழு. ஒரு கிலோ எங்க விழுந்துச்சுன்னு தெரியல, வேன் சீட்டுக்கு அடியில தேடிக்கிட்டு இருக்கேன்."

இத்தனை வருடத்தில் தன் எடையைப் போன் நம்பர் சொல்வது மாதிரி சொன்ன முதல் ஆள் அவள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

அவன் காட்டிய மெத்தையில் கையையும் காலையும் நீட்டி விரித்துக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடினாள். விடிவதற்கு முன்பே எழுந்தவளாயிற்றே, அப்படியே தூங்கிப்போனாள். அவன் பக்கத்தில் காவல் நின்றான். சத்தமாகப் பேசிக்கொண்டு மேலே வந்த சக விற்பனையாளனை வாயில் விரல்வைத்துத் திருப்பி அனுப்பினான்.

விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "குறட்டை விட்டேனா?"

"லேசா."

"லேசாத்தானா? அப்போ நல்ல மெத்தைதான். கட்டுங்க."

வீட்டுக்கு மெத்தையைக் கொண்டுபோய்ப் போட வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அன்று அவனும் வண்டியில் ஏறிக்கொண்டான். கடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு முற்பகல்களில் கடைக்குக் கீழே ஒரு மஞ்சள் வேன் நிற்கத் தொடங்கியது. எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் அவள் கேக் சாப்பிடுவாள், அவன் பால் சர்க்கரை இல்லாத தேநீரை ஊதி ஊதிக் குடிப்பான். "உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் வித்துட்டீங்களா?" என்று கேட்பாள். "வயிறு ஒத்துக்காது" என்பான். அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அதுதான்.

அவள் எதையும் மறைக்காதவள். தன் கதையையும் ஒருநாள் போட்டு உடைத்தாள். முன்பு ஒருவன் அவளை விரும்பினானாம். வேனுக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவான். வெளியே இறங்கி நாலு தெரு சேர்ந்து நடக்கலாம் என்றால் மட்டும் அவனுக்கு அவசர வேலை வந்துவிடும். ஒருநாள் எதிரே அவனுடைய நண்பர்கள் வந்தபோது அவளைத் தெரியாதவள் மாதிரி கடந்து போனான்.

"அன்னியோட முடிஞ்சுது. ஒளிச்சு ஒளிச்சு வச்சுக்க நான் என்ன திருட்டுச் சாமானா?" என்றாள்.

தேநீர்க் கடையை விட்டு வெளியே வந்ததும் மெத்தைக்காரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் நிறைந்த கடைத்தெருவில் அப்படியே கடைசிவரை நடந்தான். பார்த்தவர்கள் பார்த்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவன்தான் என்று அந்தத் தெருவிலேயே முடிவு செய்துவிட்டதாக அவள் பின்னால் சொல்வாள்.

பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கல்யாணம். அவனுடைய அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் தம்பி ரொம்பக் கஷ்டப்பட்டவன்மா, நல்லாப் பார்த்துக்கோ" என்று கண் கலங்கினாள்.

"என்ன கஷ்டம் அக்கா?"

அவன் இருமினான். "வேலையிலதான்" என்று அக்கா பேச்சை மாற்றினாள்.

முதுகுவலி தேறிவிட்ட அம்மா பழைய வீட்டிலேயே இருந்துகொண்டாள், இவர்களுக்கு மேல்மாடியில் இரண்டு அறை வீடு. வெயில் காலத்தில் கூரை கொதிக்கும். அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடமாடுவாள், அவன் பனியனைக்கூடக் கழற்றமாட்டான். குளியலறைக்குள்ளேயே உடை மாற்றி, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். விளக்கை அணைத்த பிறகும் அவள் கை அவன் வயிற்றுப் பக்கம் நகர்ந்தால் அதைப் பிடித்து முத்தமிட்டுத் தன் தோளில் வைத்துக்கொள்வான். முதலில் அவள் இதைக் கூச்சம் என்றுதான் நினைத்தாள். பெண்ணைவிட வெட்கப்படுகிற ஆம்பிளை என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பிறகு எடை பார்க்கும் மெஷின் ஒன்று அவள் கண்ணில் பட்டது. குளியலறை அலமாரிக்குக் கீழே, சோப்புத்தூள் பொட்டலங்களுக்குப் பின்னால் சொருகியிருந்தது. தினமும் காலையில் அவன் தாழ்ப்பாள் போடுவான், சற்றுநேரத்தில் 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவன் எந்த முகத்தோடு வெளியே வருகிறானோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைய பொழுது. முகம் சுண்டியிருந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது.

அவளுடைய பிறந்தநாளன்று கேக் வாங்கி வந்தாள். கட்டாயப்படுத்தி ஒரு துண்டு ஊட்டிவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மென்றதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறி இறங்குகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். வியர்வையில் நனைந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான்.

"ஒரு துண்டு கேக்குக்கா இந்தத் தண்டனை?"

"இல்ல, இந்த வாரம் அரைக் கிலோ கூடிடுச்சு. அதான்."

அவள் உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்றாள். அரைக் கிலோவுக்கே இந்த மனுஷன் இப்படித் துடிக்கிறாரே, எண்பத்தாறு கிலோவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குகிறார் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்குத் தன் உடம்பைப் பார்க்கக் கூசியது. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டிருக்கிறாள். "எங்க வீட்டுல கதவுதான் சின்னது, நாங்க ஒண்ணும் பெருசில்ல" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவள் சத்தமில்லாமல் சாப்பாட்டைக் குறைத்தாள். காலையில் அவசரம் என்றாள், மதியம் பசிக்கவில்லை என்றாள், ராத்திரி பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டாகிவிட்டது என்றாள். வேன் ஓட்டும்போது பிள்ளைகளோடு சேர்ந்து கத்திப் பாடுவது நின்றுபோனது. படுக்கைக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

அவனுக்கு அவள் பேச்சு குறைந்தது மட்டும்தான் உறைத்தது. ஒருநாள், "கொஞ்சம் மெலிஞ்சிட்ட மாதிரி இருக்கியே" என்றான். கவலையில்தான் கேட்டான். ஆனால் அவன் வாயில் அந்த வார்த்தை பாராட்டாகவே வந்து பழகியிருந்தது, அன்றும் அப்படியே வந்தது. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு மறுநாள் காலைத் தேநீரையும் நிறுத்தினாள்.

ஒரு மதியம், கடைசிப் பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். தலை ஸ்டியரிங்கில் சாய, ஹார்ன் விடாமல் அடித்தது. வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உடன் வரும் ஆயா பதறிப்போய் அவனுக்குப் போன் செய்தாள். மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு அவன் ஓடினான்.

கிளினிக்கில் அவள் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். டாக்டரம்மா அவனைப் பார்த்து, "காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான். தெரியவில்லை.

"நேத்து ராத்திரி?"

அதுவும் தெரியவில்லை. தான் தின்ற ரொட்டியின் எடையைக் கிராம் கணக்கில் சொல்லத் தெரிந்தவனுக்கு, பக்கத்தில் இருக்கிறவள் சாப்பிட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. அவமானத்தில் காது மடல் சூடாகிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "நாள்கணக்கா சரியாவே சாப்பிடல போலிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் முதல்ல பேசுங்க" என்றார்.

மறுநாள் விடுமுறை. அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுக்காக முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சாப்பிடாம இருந்தே?"

"உங்களுக்காகத்தான்."

"நான் எப்போ அப்படிக் கேட்டேன்?"

"வாயால கேக்கல. தினமும் காலையில கதவைச் சாத்திக்கிட்டு அந்த மெஷின்ல ஏறி நிக்கிறீங்களே, அந்தச் சத்தம் எனக்குக் கேக்காதா? அரைக் கிலோ கூடினா எழவு விழுந்த வீடு மாதிரி மூஞ்சியை வச்சுக்கிறீங்க." அவள் குரல் ஏறியது. "நான் எப்படி இருக்கேனோ அப்படி ஆயிடக் கூடாதுன்னுதானே இந்தப் பாடு? அப்போ என்னைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணும்? என் கையை உங்க மேல வைக்கக்கூட விடறதில்ல. முன்னாடி ஒருத்தன் என்னை ரோட்டுல ஒளிச்சான். நீங்க வீட்டுக்குள்ளயே ஒளிக்கிறீங்க."

அவன் மறைத்ததெல்லாம் தன்னைத்தான். அது அவள்மேல் போய் விழும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கரண்டியை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஜன்னல் வழியே காலை வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பனியனையும் தலைவழியே உருவிப் போட்டான்.

"நூத்தி இருபத்தெட்டு இருந்தேன்" என்றான். "எல்லாரும் என்னை டிரம்முன்னு கூப்பிடுவாங்க."

அவள் பார்த்தாள். மடிப்பு மடிப்பாகத் தொங்கிய தோலை, வெள்ளை வெள்ளையாக ஓடிய கோடுகளை, எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்த அவன் கைகளை. முட்டை கருகுகிற வாசனை வந்தது. இருவரும் அடுப்பை அணைக்கவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பஸ்ஸையும், பில் போடும் பெண்ணையும், அந்த 'ஆனா'வையும். சொல்லி முடித்ததும் அவள் வந்து கட்டிக்கொள்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தான். அவளுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என் எடையை மொத நாளே சொன்னேன். நீங்க யாரு, எவருன்னுகூடத் தெரியாது, கடைக்காரர்னு நெனச்சுச் சொன்னேன். நீங்க புருஷனாகியும் சொல்லலையே!"

"சொன்னா நீயும் அவ பாத்த மாதிரி பாப்பியோன்னு..."

"நான் குண்டு. குண்டா இருந்த ஒருத்தரைப் பார்த்து நான் மூஞ்சி சுளிப்பேன்னு நெனச்சீங்களா? என்ன புத்தி இது!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, "உன்னைப் பார்த்தா எனக்குப் பயமில்ல. பொறாமை" என்றான். "அன்னிக்குக் கடையில கையையும் காலையும் விரிச்சுப் போட்டு நீ பாட்டுக்குத் தூங்கினியே. நான் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்ல. அந்த உடம்புலயும் இல்ல, இந்த உடம்புலயும் இல்ல."

அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். கருகிய முட்டையைக் குப்பையில் போட்டாள். "நான் ரெண்டு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன்" என்றாள். "சண்டையெல்லாம் இல்ல. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

அன்று சாயங்காலம் அவன் போன் செய்தான்.

"சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

ஆச்சு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "இல்ல" என்றான்.

"அப்போ நானும் சாப்பிடப் போறதில்ல. வீட்டுல ரொட்டி இருக்கில்ல? எடுத்து வாயில வைங்க. போனைக் காதோடவே வச்சுக்கோங்க. மெல்லுற சத்தம் எனக்குக் கேக்கணும்."

அவன் மென்றான். அந்தப் பக்கமும் மெல்லுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பேச்சே இல்லாமல், போன் வழியாக ஒருவர் தின்பதை ஒருவர் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள். நடுவில் அவனுக்குப் புரையேறியது. "தண்ணியைக் குடிங்க, தண்ணியைக் குடிங்க!" என்று அவள் அங்கிருந்து கத்தியதில், அவளுடைய அம்மா தனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாளாம்.

அவள் திரும்பி வந்தாள். வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மெஷினைப் பழைய சாமான்காரனிடம் அவனே கொடுத்தான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கி ஒளித்துவைத்தான். பிறகு மனசு உறுத்தி அவனே போய்ச் சொன்னான். "வச்சுக்கோங்க. ஆனா கதவைச் சாத்திக்காதீங்க" என்றாள் அவள். கதவு திறந்திருக்கும்போது அதில் ஏறி நிற்க அவனுக்கு என்னவோ போலிருந்தது. தினமும் ஏறியவன் வாரம் ஒருமுறை ஏறத் தொடங்கினான். சில வாரம் மறந்தும் போனான்.

அவள் மறுபடியும் வேனில் பாட ஆரம்பிக்க நாளாயிற்று. ஒரு வார்த்தை இடறினால் போதும், அவன் தன் உடம்பைத்தான் சொல்கிறானோ என்று அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். "எதைச் சொல்றீங்க, என்னையா?" என்று உடனே கேட்டுவிடுவாள். கேட்டுத் தெளிந்துகொள்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் மின்சாரம் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் அவன் பனியனைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போனான். விழித்தபோது அவள் கை அவன் வயிற்றின்மேல் இருந்தது. அவன் உடம்பு கட்டையாக விறைத்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கூசுதா?"

"ம்."

"எடுத்துடட்டுமா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"இருக்கட்டும்" என்றான்.

சில வருடம் போயிற்று. வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு முட்டிவலி வந்தது. கிளட்சை மிதிக்கும்போது உயிர் போனது. பழைய டாக்டரம்மாவிடமே போனார்கள். முட்டி தேயத் தொடங்கியிருக்கிறது, பத்துக் கிலோ இறங்கினால் வலி பாதியாகும் என்று சொன்னார். எடையைக் குறைப்பதில் அவனுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் எந்த வாயால் சொல்வது? நாலைந்து நாள் வாயைப் பூட்டிக்கொண்டு திரிந்தான்.

கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள். "ஊர்ல இருக்கிறவங்க எடையெல்லாம் கேக்குறீங்க. பொண்டாட்டி விஷயத்துல மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"நான் சொன்னா உனக்கு அது வேற மாதிரி கேக்குமே."

"கேக்கத்தான் செய்யும். அழுதாலும் அழுவேன். இருந்தாலும் சொல்லுங்க. முட்டி வலிக்குதே."

அவன் சொன்னான். உப்பில்லாக் காய்கறியைச் சொல்லவில்லை. மாடிப்படியைச் சொல்லவில்லை. "காலையில வேன் எடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நடக்கலாம். நானும் வரேன். வழக்கமா சாப்பிடறதுல ராத்திரி மட்டும் கொஞ்சம் குறைக்கலாம், ரெண்டு பேருமே. கேக் ஞாயித்துக்கிழமை" என்றான். கேக்கைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கொஞ்சம் அழவும் செய்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டியில் தைலம் தேய்த்துவிட்டான்.

இப்போது காலையில் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் அவர்களைப் பார்க்கலாம். அவள் ஐந்து கிலோ குறைந்து அதோடு நின்றுவிட்டாள், மெஷின் மேற்கொண்டு அசைய மறுக்கிறது. முட்டிவலி அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. அவனுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. கடையில் அவனைப் பறந்துவிடுவாய் என்று இப்போது யாரும் கேலி செய்வதில்லை. சில காலைகளில் அந்தப் பழைய பயம் அவனைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவன் நடை தானாகவே வேகமாகிவிடும்.

போன வாரம் அப்படித்தான். அவள் மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில் அவன் தனியாக இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தான். மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் சத்தம் போட்டாள்.

"எங்க போனீங்க?"

"ஒரு சுத்துதானே..."

"ஒரு சுத்துன்னாலும் சொல்லிட்டுப் போங்க. பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அவன் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றான். "பயமாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். பெஞ்ச் சின்னது, இரண்டு பேரும் இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. வேன் எடுக்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.